கம்பத்துக்கு வெளியே போன பந்து

அமலோற்பவத்தின் வீட்டில் இரண்டு விசில்கள் இருந்தன. ஒன்று அவள் கணவன் பெரியநாயகத்துடையது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் அவன் கண்டக்டர். மற்றது அவளுடையது. அவள் கால்பந்து ரெஃப்ரி. இரண்டும் ஒரே ஆணியில் தொங்கும். காலை அவசரத்தில் அவன் மாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டால், அன்றைக்கு விக்கிரவாண்டியில் இறங்க வேண்டியவர்கள் காதைப் பொத்திக்கொண்டுதான் இறங்குவார்கள். அவளுடைய விசிலுக்கு அவ்வளவு சத்தம்.

அவள் அதை ஊதுவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர் வேலை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வெளியூருக்கு டிரங்க் கால் கேட்டவர்களுக்கு லைன் போட்டுத் தர வேண்டும். மூன்று நிமிடம் ஆனதும் பேச்சுக்கு நடுவே புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசறீங்களா" என்று கேட்க வேண்டும். அப்போது காதில் விழுவதை அங்கேயே மறந்துவிட வேண்டும். வேலையில் சேர்ந்த அன்றைக்கே அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். யார் வீட்டுக் கல்யாணம் நின்றுபோனது, யாருடைய மகன் சொல்லாமல் ஊரைவிட்டுப் போனான் என்று இந்த ஏழு வருஷத்தில் எவ்வளவோ அவள் காதில் விழுந்திருக்கிறது. ஒன்றையும் அவள் பெரியநாயகத்திடம்கூடச் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

பிறந்தது முகையூரில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்துக்குக் கேரளாவிலிருந்து ஒரு சிஸ்டர் வந்தார். அவர் அங்கியை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு பந்தை உதைத்ததைப் பார்த்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் அமலோற்பவமும் ஒருத்தி. அவள் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரும்வரைக்கும் ஆடினாள். அப்புறம் ஆடுவதற்குக் கூட்டமும் இல்லை, இடமும் இல்லை. பி.யூ.சி. முடித்தாள், வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. கடலூரில் ரெஃப்ரி பரீட்சை நடக்கிறது என்று பேப்பரில் பார்த்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. போய் எழுதினாள். பத்தொன்பது ஆண்கள், இவள் ஒருத்தி. தேறிவிட்டாள். தேறிய பிறகு இரண்டு வருஷம் யாரும் கூப்பிடவில்லை. பொம்பளை ஊதினால் எவன் நிற்பான் என்று கேட்டார்கள். பையன்கள் ஆட்டத்தில் கோட்டோரம் கொடி பிடிக்கத்தான் கூப்பிட்டார்கள். கொடி பிடித்தாள்.

1985-ம் வருஷம் பொங்கல் முடிந்த கையோடு, மாவட்டத்துப் பெண்களுக்கென்று ஒரு கோப்பைப் போட்டி நடத்துவதாக ஏற்பாடு ஆயிற்று. எட்டு ஊர் அணிகள். நாக்அவுட் முறை. ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போட்டிக் குழுவுக்குச் செயலாளர் சக்கரபாணி. விழுப்புரம் ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்தவர், ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரர், அதிகம் பேசாதவர். அவர் நேராக எக்ஸ்சேஞ்சுக்கே வந்து அமலோற்பவத்தை வெளியில் கூப்பிட்டார்.

"பொண்ணுங்களை வீட்ல அனுப்ப மாட்டேன்றாங்க. ரெஃப்ரியும் பொம்பளைதான்னு சொன்னா அனுப்பறேன்றாங்க. நீ வரணும். ஆனா திண்டிவனம் ஆடற ஆட்டத்துக்கு மட்டும் நீ ஊதக் கூடாது. உன் ஊருன்னு பேசுவாங்க."

"சரிங்க சார்."

தையல்காரரிடம் சொல்லிக் கருப்பில் பேண்ட்டும் சட்டையும் தைத்துக்கொண்டாள். முதல் சுற்றில் அவளுக்கு இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் அவள் மைதானத்துக்குள் நடந்தபோது ஜனங்கள் சிரித்தார்கள். யாரோ பஸ் ஹாரன் மாதிரி ஊதினான். பத்து நிமிடம் போனது. பின்னால் இருந்து காலை வாரிய ஒரு பெண்ணை அவள் நிறுத்திக் கண்டித்த விதத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு அடங்கி, ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அன்று சாயங்காலம் சக்கரபாணி அவளிடம், "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம்.

அரையிறுதிக்கு வந்தவை நான்கு அணிகள். ஒரு பக்கம் திண்டிவனம் ஜெயித்து ஃபைனலுக்குப் போய்விட்டது. மறுபக்கம் விழுப்புரமும் வளவனூரும். மாசி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரம் மைதானத்தில். அந்த ஆட்டம் அமலோற்பவத்துக்கு.

அன்றைக்குத்தான் அவள் வந்த பஸ் விக்கிரவாண்டி தாண்டி பங்க்சர் ஆனது. அவள் ஓட்டமும் நடையுமாக மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. பந்தை அழுத்திப் பார்த்தாள். கோடுகளைப் பார்த்தாள். பெண்களின் நகங்களையும் வளையல்களையும் பார்த்தாள். கோல் வலைகளைக் கிட்டப் போய் இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. அவள் தூரத்திலிருந்தே பார்த்தாள். வலை கட்டியிருந்தது. சரி என்று விசிலை எடுத்துவிட்டாள்.

விழுப்புரம் பலமான அணி. பாதிப் பேர் ரயில்வே காலனிப் பெண்கள். வளவனூர் அணியில் கழனியில் வேலை செய்கிற பெண்கள்தான் அதிகம். ஷூகூடப் பாதிப் பேருக்கு இல்லை. ஆனால் அவர்களுடைய கோல்கீப்பர் கோவிந்தம்மாள் ஒருத்தி பத்துப் பேருக்குச் சமம். உயரமான, கறுத்த, எந்தப் பந்துக்கும் பயப்படாத பெண். அணிக்குக் கேப்டனும் அவள்தான். அறுபது நிமிடம் வரைக்கும் விழுப்புரத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அறுபத்தோராவது நிமிடம் விழுப்புரத்துக் கேப்டன் வீரம்மாள் இடது ஓரத்திலிருந்து ஓங்கி அடித்தாள். கோல் மேற்குப் பக்கம். சாயங்கால வெயில் அமலோற்பவத்தின் கண்ணில் நேராக அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தபோது பந்து வலைக்குள்ளே உருண்டுகொண்டிருந்தது. விசில் ஊதி நடுக்கோட்டைக் காட்டினாள்.

கோவிந்தம்மாள் ஓடி வந்தாள்.

"அக்கா, வெளியில போச்சுக்கா. கம்பத்துக்கு வெளியில. நான் பார்த்தேன்."

"பந்து உள்ளதானே கிடக்குது."

"கிடக்குதுக்கா. ஆனா வெளியிலதான் போச்சு."

"வெளியில போன பந்து உள்ள எப்படி வந்துது? சொல்லு."

கோவிந்தம்மாள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். குரல் உயர்ந்தது. அமலோற்பவத்தின் கையைப் பிடித்து இழுத்துக் கோலுக்குக் கூட்டிப்போகப் பார்த்தாள். இவ்வளவு ஜனத்துக்கு முன்னால் ஒரு பெண் ரெஃப்ரியின் கையைப் பிடித்து இழுப்பதை விட்டால் இனி எவரும் மதிக்க மாட்டார்கள் என்று அமலோற்பவத்துக்குத் தோன்றியது. மஞ்சள் அட்டையை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினாள்.

"வாயை மூடிக்கினு போய் நில்லு."

கோவிந்தம்மாள் போய் நின்றாள். அழுதுகொண்டே மிச்ச ஆட்டத்தை ஆடினாள். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று விழுப்புரம் ஜெயித்தது.

ஒரு விஷயத்தை அமலோற்பவம் அன்றைக்கே கவனித்தாள். கோல் போட்ட வீரம்மாளைத் தோழிகள் கட்டிக்கொண்டு குதித்தார்கள், அவள் மட்டும் குதிக்கவில்லை. குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். களைப்பு என்று நினைத்து அமலோற்பவம் அதை விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காலை ஷிஃப்ட். பத்தரை மணி வாக்கில் ஒரு ஐஸ் கம்பெனிக்காரர் விழுப்புரத்துக்கு டிரங்க் கால் கேட்டார். லைன் கிடைத்தது, போட்டுக் கொடுத்தாள். மூன்று நிமிடம் ஆனதும் வழக்கம்போல உள்ளே போனாள். விழுப்புரத்திலிருந்து ஒரு ஆண் குரல் பேசிக்கொண்டிருந்தது.

"...பந்து எங்கப்பா உள்ள போச்சு? வெளியில போனது. சைடு வலையில கீழ பெரிய ஓட்டை. அது வழியா பூந்துக்கினு உள்ள வந்துடுச்சு. அந்தம்மா விசில் ஊதிட்டாங்க. நாம போய் இல்லன்னா சொல்ல முடியும்?"

ஐஸ் கம்பெனிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அமலோற்பவம் வழக்கமான நிதானக் குரலில், "மூணு நிமிஷம் ஆச்சு சார், இன்னும் பேசறீங்களா" என்றாள்.

"குடும்மா, இன்னொரு மூணு நிமிஷம்" என்றது விழுப்புரத்துக் குரல்.

அவள் லைனை விட்டு வெளியே வந்துவிட்டாள். அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கை கொடுத்த வேங்கடேசன். விழுப்புரம் அணியின் செயலாளர்.

அன்று மதியம் கொண்டுபோன சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். கோவிந்தம்மாள் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் நிஜம். தான் இருபதடி நடந்து போய் வலையைப் பார்த்திருந்தால் ஆட்டத்துக்கு முன்னாலேயே கயிறு போட்டுக் கட்டியிருக்கலாம். அந்தப் பெண் கையைப் பிடித்து இழுத்தபோதாவது கூடப் போயிருக்கலாம். வெளியே சொல்லலாம் என்றால், காதில் விழுந்ததை எப்படிச் சொல்வது? வேலையே போய்விடும். வேலை போகாவிட்டாலும் சொல்லக் கூடாததுதான். அதற்கு மேல் இன்னொன்று. விழுப்புரம் வெளியே போய் வளவனூர் உள்ளே வந்தால், ஃபைனலில் திண்டிவனத்துக்குச் சுலபம். திண்டிவனத்துக்காரி தன் ஊருக்காக இதைக் கிளப்புகிறாள் என்றுதான் ஜனங்கள் பேசுவார்கள்.

சாயங்காலம் பெரியநாயகம் வந்ததும் அவள் முகத்தைப் பார்த்து, "இன்னா, உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றான்.

"இல்ல. நாளைக்கு எனக்கு லீவு. காலைல உன் பஸ்ல விழுப்புரம் வர்றேன்."

"எதுக்கு?"

"அந்த வலையைப் பார்க்கணும். ஞாயித்துக்கிழமை நான் கிட்டப் போய்ப் பார்க்கல. மனசு உறுத்துது."

அதில் பொய் இல்லை. சொல்லாமல் விட்டது மட்டும்தான்.

"போய்ப் பார்த்துடு" என்றான். "பேஜாரை மனசுல வெச்சிக்கினு எதுக்கு இருக்கணும்."

மறுநாள் காலை விழுப்புரம் மைதானத்துக் காவலாள் முருகையன் ஷெட்டைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த இரண்டு வலைகளையும் வெளியே போட்டார். வயசானவர், மூக்குப்பொடிக்காரர். அமலோற்பவம் முதல் வலையைத் தரையில் விரித்து அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இரண்டாவதை விரித்தாள். அதன் பக்கவாட்டில், தரையோடு சேருகிற இடத்தில், கயிறு அறுந்து ஒரு கூடை நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. எலி கடித்த மாதிரி நுனிகள்.

"இது எந்தப் பக்கம் கட்டினதுங்க?"

"மேற்கால பக்கம்" என்றார் முருகையன். "காலையிலயே பார்த்தேன். நம்ம டீம் செக்ரட்டரிகிட்ட சொன்னேன். ரெஃப்ரி வந்து பார்த்துச் சொல்லட்டும்னாரு. நீங்க பார்த்திருப்பீங்கன்னு நானும் விட்டுட்டேன்."

"நான் பார்க்கலைங்க" என்றாள் அமலோற்பவம்.

அந்தச் சொல்லைச் சொன்னதும், நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது லேசாக நகர்ந்த மாதிரி இருந்தது. இனிமேல் அவள் டெலிபோனில் கேட்டதை யாரிடமும் சொல்லத் தேவையில்லை. கண்ணால் பார்த்தாயிற்று. கையால் தொட்டாயிற்று.

சக்கரபாணி பார்சல் ஆபீஸில் இருந்தார். அமலோற்பவம் அவர் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதினாள். ஆட்டத்துக்கு முன் வலையைச் சோதிக்காதது தன் தவறு, மேற்குப் பக்கத்து வலையில் ஓட்டை இருக்கிறது, வளவனூர் கோல்கீப்பர் ஆட்சேபித்தபோது போய்ப் பார்க்காததும் தன் தவறு, ஆகவே அந்தக் கோலைத் தன்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கீழே கையெழுத்து.

சக்கரபாணி படித்துவிட்டுத் தாளை மேஜைமேல் வைத்தார்.

"யாரு உனக்குச் சொன்னது?"

"யாரும் என்கிட்ட வந்து சொல்லலைங்க சார். நானே போய் வலையைப் பார்த்தேன்."

"நீ திண்டிவனத்துக்காரி. இன்னா பேசுவாங்கன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"உன்னை ரெஃப்ரி லிஸ்ட்லேருந்து எடுத்துடச் சொல்லுவாங்க. அதுவும் தெரியுமா?"

அது அவளுக்குத் தெரியாது. நினைத்துப் பார்க்கவில்லை. பத்தொன்பது ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதிய பரீட்சையும், தையல்காரர் அளவெடுக்கத் தயங்கிய கருப்புப் பேண்ட்டும் ஞாபகம் வந்தன.

"எடுத்தா எடுக்கட்டும் சார். இதை வெச்சிக்கினு என்னால விசில் ஊத முடியாது."

சக்கரபாணி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை இரண்டு அணிகளையும் கூப்பிடுவதாகச் சொன்னார். அவர் முகத்தில் கோபமும் தெரியவில்லை, தயவும் தெரியவில்லை.

அதோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் கோவிந்தம்மாளிடம் அவளே போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பாண்டிச்சேரி போகிற பஸ்ஸில் ஏறி வளவனூரில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனாள். கோவிந்தம்மாள் கழனியில் இருந்தாள். அப்பா பாண்டுரங்கனும் அவளுமாக வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரெஃப்ரியைப் பார்த்ததும் கோவிந்தம்மாள் எழுந்து நின்றாள். வா என்று சொல்லவில்லை.

"நீ சொன்னதுதான் நிஜம்" என்றாள் அமலோற்பவம். "வலையில ஓட்டை இருந்துச்சு. இன்னிக்குத்தான் பார்த்தேன். அன்னிக்கே பார்த்திருக்கணும். எழுதிக் குடுத்துட்டு வர்றேன்."

கோவிந்தம்மாள் கையிலிருந்த களைக்கொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப வந்து சொல்றீங்க. அன்னிக்கு அத்தினி ஜனத்துக்கு முன்னால அட்டை காட்டி நிக்க வெச்சீங்களே. ரெஃப்ரி கையப் புடிச்சு இழுத்த சண்டைக்காரின்னு ஊரு பூரா பேசறாங்க. இனிமே ஆடப் போகக் கூடாதுன்னு எங்க அப்பா சொல்லிட்டாரு."

பாண்டுரங்கன் கொஞ்ச தூரத்தில் குனிந்தபடியே இருந்தார். காதில் விழாத மாதிரி வேலை செய்தார். அமலோற்பவம் வரப்பில் நடந்து அவரிடம் போனாள்.

"ஐயா, நான்தான் அந்த ரெஃப்ரி. உங்க பொண்ணு சண்டைக்காரி இல்லைங்க. கண்ணால பார்த்ததைச் சொல்லிச்சு. நான்தான் காதுல வாங்கல. தப்பு என்னுது. ஊர்ல யாரு கேட்டாலும் அப்படியே சொல்லுங்க. ரெஃப்ரியே வந்து ஒத்துக்கினு போனாங்கன்னு சொல்லுங்க."

பாண்டுரங்கன் நிமிர்ந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதைச் சொல்றதுக்கா திண்டிவனத்துலேருந்து வந்தீங்க?"

"ஆமாங்க."

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். "அந்தக் குடத்துத் தண்ணிய எடுத்தாந்து குடு, போ" என்றார். "வெயில்ல வந்திருக்காங்க."

கோவிந்தம்மாள் செம்பில் மொண்டு வந்து கொடுத்தாள். அமலோற்பவம் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். மறுபடியும் ஆட அனுப்புவாரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை ஒரு வாசகசாலையின் பின்பக்கத்து அறையில் குழு கூடியது. விழுப்புரம் சார்பில் வேங்கடேசனும் வீரம்மாளும். வளவனூர் சார்பில் கோவிந்தம்மாள் வந்திருந்தாள். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாண்டுரங்கன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது அமலோற்பவத்துக்குப் பாதி உயிர் வந்தது.

சக்கரபாணி தாளைப் படித்தார். அமலோற்பவத்தை எழுந்து சொல்லச் சொன்னார். அவள் எழுந்து, எழுதியதையே சொன்னாள். இரண்டு வாக்கியம் பேசியிருப்பாள், வேங்கடேசன் சட்டென்று தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை. குரலை அடையாளம் கண்டுகொண்டார் என்று அவளுக்குப் புரிந்தது. மைதானத்தில் பேசிய குரல் வேறு, எக்ஸ்சேஞ்சில் பேசுகிற நிதானமான குரல் வேறு. இந்த அறையில் அவளை அறியாமல் அந்த நிதானமான குரலில்தான் பேசிக்கொண்டிருந்தாள். எப்படியோ சொல்லி முடித்து உட்கார்ந்தாள்.

"ரெஃப்ரி அன்னிக்குக் குடுத்த தீர்ப்பு தீர்ப்புதானே" என்றார் குழுவில் ஒருவர். "ஆறு நாள் கழிச்சு மாத்தினா எப்படி? அதுவும் இந்தம்மா திண்டிவனம்."

அமலோற்பவம் எதிர்பார்த்திருந்த பேச்சுதான். இருந்தாலும் முகம் சூடாயிற்று. அப்போது வீரம்மாள் எழுந்தாள். இருபது வயதுப் பெண். செயலாளரைப் பார்க்காமல் சக்கரபாணியைப் பார்த்துப் பேசினாள்.

"சார், நான் அடிச்சது வெளியிலதான் போச்சு. அடிச்ச எனக்குத் தெரியாதா? உள்ள எப்படி வந்துதுன்னு எனக்கே புரியல. அக்கா விசில் ஊதிட்டாங்க, எல்லாரும் வந்து கட்டிக்கினாங்க. சொல்ல வாய் வரல. ஒரு வாரமா என்னால யாரு முகத்தையும் பார்க்க முடியல சார். திரும்ப ஆடறோம்."

சொல்லிவிட்டுப் பெரிதாக மூச்சு விட்டு உட்கார்ந்தாள். சக்கரபாணி வேங்கடேசனைப் பார்த்தார். வேங்கடேசன் மேஜையையே பார்த்துக்கொண்டு, "கேப்டனே சொன்ன பிறகு நான் இன்னாத்தச் சொல்றது. ஆடுவோம்" என்றார்.

அரை மணி நேரம் உள்ளே பேசிவிட்டுக் குழு முடிவைச் சொன்னது. ஆட்டத்தைத் திரும்ப நடத்துவது. கோவிந்தம்மாள் மேல் காட்டிய மஞ்சள் அட்டையை எடுத்துவிடுவது. அமலோற்பவத்துக்கு எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கை. லிஸ்டில் பேர் அப்படியே இருக்கும்.

"திரும்ப ஆடறதுக்கு வேற ரெஃப்ரி போடலாமா?" என்று சக்கரபாணி இரண்டு கேப்டன்களையும் கேட்டார்.

"இந்த அக்காவே ஊதட்டும்" என்றாள் கோவிந்தம்மாள். "இனிமே வலையை எண்ணி எண்ணிப் பார்ப்பாங்க."

பாண்டுரங்கன் வாய்விட்டுச் சிரித்தார். சக்கரபாணியின் மீசைகூடக் கொஞ்சம் அசைந்தது.

வெளியே வந்தபோது வேங்கடேசன் அமலோற்பவத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"உங்க குரலை வேற எங்கயோ கேட்ட மாதிரி இருக்குதும்மா."

அவளால் ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வேங்கடேசன் செருப்பு நுனியால் தரையைக் கீறினார்.

"எங்க கேட்டா இன்னா" என்றார் கடைசியில். "வலை ஓட்டைன்னு முருகையன் என்கிட்டதான் சொன்னான். நான் அப்பவே ஒரு கயிறு வாங்கிக் குடுத்திருந்தா உங்களுக்கும் இந்தப் பேஜாரு இல்ல, எனக்கும் இல்ல. போயிட்டு வாங்கம்மா."

அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அப்படிச் சொன்னாலும் மனசு மாறி, டெலிபோன் பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று புகார் கொடுத்துவிடுவாரோ என்று அவளுக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கத்தான் செய்தது. எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர் கூப்பிட்டபோதெல்லாம் இதுதானோ என்று நினைத்துக்கொண்டே போனாள். அவர் கூப்பிட்டதெல்லாம் லீவு கேட்ட தேதிக்கும், பழுதான லைனுக்கும்தான். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. ஒரு கடிதமும் வரவில்லை.

திரும்ப நடந்த ஆட்டத்துக்கு முன்பு வந்ததைவிட மூன்று மடங்கு ஜனம். அமலோற்பவம் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய், முருகையனையும் கூட்டிக்கொண்டு இரண்டு வலைகளையும் கண்ணி கண்ணியாக இழுத்துப் பார்த்தாள். ஆட்டத்தில் முதல் நிமிடத்திலிருந்தே அனல் பறந்தது. இடைவேளைக்கு முன் வளவனூர் ஒரு கோல் போட்டது. ஷூ இல்லாத பெண் ஒருத்தி போட்டது. இடைவேளைக்குப் பிறகு விழுப்புரம் சமன் செய்தது. முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது வீரம்மாள் அதே இடது ஓரத்திலிருந்து அடித்தாள். பந்து கோவிந்தம்மாளின் விரல் நுனியைத் தொட்டுக்கொண்டு நட்டநடு வலையில் போய் விழுந்தது. இந்த முறை அமலோற்பவம் பந்துக்குப் பக்கத்திலேயே ஓடிவந்திருந்தாள். ஊதினாள்.

கோவிந்தம்மாள் தரையிலிருந்து எழுந்து மண்ணைத் தட்டிவிட்டாள். வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து வந்து அமலோற்பவத்தின் கையில் கொடுத்தாள்.

"இது கோல்க்கா" என்றாள். "இதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வளவனூர் தோற்றுப்போனது. ஆட்டம் முடிந்ததும் பாண்டுரங்கன் மைதானத்துக்குள் வந்து மகளின் துண்டையும் பையையும் தானே வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் ஷூ வாங்கித் தர வேண்டும் என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனதை அமலோற்பவம் கேட்டாள். அவளுக்குக் கண் கலங்கியது. வேர்வை துடைப்பது போலத் துடைத்துக்கொண்டாள்.

ஃபைனல் திண்டிவனத்தில். அவளுக்கு அங்கே வேலை இல்லை. புடவை கட்டிக்கொண்டு, பெரியநாயகத்தோடு ஜனங்களுக்கு நடுவே உட்கார்ந்து, அவித்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டே பார்த்தாள். கடலூரிலிருந்து வந்த ரெஃப்ரி வலைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். விழுப்புரம் இரண்டு கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கியது. வீரம்மாள் இந்த முறை எல்லாரையும்விட உயரமாகக் குதித்தாள். அதைப் பார்த்து அமலோற்பவம் கை வலிக்கத் தட்டினாள்.

"நம்ம ஊரு தோத்துப்போச்சு, நீ சிரிச்சிக்கினு கை தட்டற" என்றான் பெரியநாயகம்.

"இனிமே எவனும் என்னைப் பத்தி ஒண்ணும் பேச முடியாது பாரு."

அவனுக்கு இது முழுசாகப் புரிந்ததோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டு ஒரு கை மல்லாட்டையை எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அமலோற்பவம் பதினோரு வருஷம் விசில் ஊதினாள். பையன்கள் ஆட்டத்துக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள். கோவிந்தம்மாள் கல்யாணம் ஆகிற வரைக்கும் மூன்று வருஷம் ஆடினாள். ஒரு வருஷம் வளவனூர் ஃபைனல்வரைக்கும்கூட வந்தது. டெலிபோனில் அன்றைக்குக் கேட்டதை அமலோற்பவம் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை.

ஃபைனல் முடிந்த அன்று வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சோறு வைக்கலாம் என்று நினைத்தவள், கொஞ்சம் முதுகு சாய்க்கலாம் என்று பாயில் படுத்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருவில் பெண் பிள்ளைகள் நான்கைந்து பேர் எதையோ உதைத்துக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. பெரியநாயகம் அரிசியைக் கழுவி அவனே உலை வைத்தான். அவளை எழுப்பவில்லை.